பிரான்ஸ்ல தினசரி சாப்பாடு: "இன்னிக்கு ராத்திரிக்கா, நாளைக்கா?"

ரென்_கவிதா
சனிக்கிழமை, மதியம் 2:15

ஊருக்கு போன் பண்ணா அம்மா முதல்ல கேக்குறது இன்னும் அதே கேள்விதான், அங்க சாப்பாட்டுக்கு என்னடி பண்றன்னு. நான் பிரான்ஸோட மேற்குப் பக்கம் இருக்கிற ரென் ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. முதல் வருஷம் அந்தக் கேள்விக்கு பதில் சொல்றப்ப தொண்டை அடைக்கும், ஏன்னா சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல, சூப்பர் மார்க்கெட்ல பாக்கெட் ரொட்டி, பாரிஸ் போறவங்க கிட்ட சொல்லி அங்க தமிழ்க் கடைங்க இருக்கிற லா ஷப்பேல்லேர்ந்து வரவழைச்ச பருப்பு, புளி, அவ்ளோதான் வாழ்க்கை.

மாறினது ஒரு முலாம்பழத்தால. இங்க சனிக்கிழமை காலைல ப்ளாஸ் தெ லிஸ்ல பெரிய சந்தை கூடும், பழைய ஆல் மர்தெனோ கட்டடம் ரெண்டும் அதைச் சுத்தி இருக்கிற தெரு முழுக்கவும். நான் ஒரு கடையில பழத்தை கை காட்டி இதைக் குடுங்கன்னேன். அவர் எடுக்கல. "இன்னிக்கு ராத்திரிக்கா, நாளைக்கா?"ன்னு கேட்டார். எனக்குப் புரியல, ஏதோ பை வேணுமான்னு கேக்குறார்னு நினைச்சு சரி சரின்னு தலையாட்டினேன். அவர் விடல, பழத்தை மூக்குகிட்ட கொண்டு போனார், காம்பு சேர்ற இடத்தைத் தொட்டுப் பாத்தார், அங்க வட்டமா வெடிப்பு விட்டிருந்த ஒண்ணை எடுத்து இது இன்னிக்கு, வெடிக்காததா ஒண்ணை எடுத்து இது திங்கக்கிழமை, ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்கன்னு சொல்லிக் குடுத்தார். பின்னாடி ஏழெட்டு பேர் நிக்கிறாங்க, ஒருத்தரும் முணுமுணுக்கல, அவங்களும் எட்டிப் பாத்துட்டு இருந்தாங்க!

திருச்சி காந்தி மார்க்கெட்ல எங்க ஆயா கத்திரிக்கா பொறுக்குறப்ப கடைக்காரம்மா "சாம்பாருக்கா கொழம்புக்கா"ன்னு கேப்பாங்க, அதே கேள்விதான் இது. அன்னிக்கு ராத்திரி அந்தப் பழத்தை சாப்பிட்டப்பதான் இந்த ஊர்ல எனக்கும் ஒரு சமையலறை இருக்குன்னு தோணுச்சு.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா திறந்துச்சு. ஆகஸ்ட், செப்டம்பர்ல இங்க கோக்கோ த பெம்போல்னு ஒரு காயாத பீன்ஸ் தோலோட வரும், கொட்டை வெள்ளையா குண்டா இருக்கும், கையால பறிக்கிறது. உரிக்கிறப்ப அப்படியே பச்சை மொச்சை உரிக்கிற மாதிரி. பக்கத்து வீட்டு அம்மா அதை வெண்ணெய், தக்காளி, தைம் போட்டு வேக வைப்பாங்க, நான் பாதியை அவங்க மாதிரியும் பாதியை காரக்குழம்புலயும் போடுவேன். கலெத்னு சாராசின் மாவுல சுடுற தோசை. சாராசினுக்கு இன்னொரு பேரு கறுப்பு கோதுமை, பேருலதான் கோதுமை, உண்மையில கோதுமையே இல்ல, நிறம் நம்ம கேப்பை மாதிரி. ராத்திரி கரைச்சு வச்சு காலைல சுடுவாங்க, கல்லுக்குப் பேரு பிலிக், தேய்க்கிற மரக்கட்டைக்குப் பேரு ரொசெல், ஓரம் மொறுமொறுன்னு வரணும், நடுவுல உருகுற உப்பு வெண்ணெய். அதோட குடிக்கிறதுக்கு லே ரிபோ. முதல் தடவை குடிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன், அது மோர்! வெண்ணெய் கடைஞ்சு எடுத்த மோர், அதே புளிப்பு. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து கேப்பை தோசையும் மோரும் சாப்பிட்டுட்டு இருக்கேன்னு அம்மாகிட்ட சொன்னேன், அன்னிக்குத்தான் அவங்க குரல் லேசாச்சு.

உப்பு வெண்ணெய்க்கு காரணமும் கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன். ராஜா காலத்துல பிரான்ஸ்ல பெரும்பாலான இடத்துல உப்புக்கு கபெல்னு வரி, ரென் இருக்கிற இந்த ப்ரெத்தாஞ் மாதிரி சில பகுதிக்கு அந்த வரி கிடையாது, உப்பு மலிவு, அதனால வெண்ணெய்ல உப்பு போட்டு வச்சாங்க. அந்த வரி எப்பவோ ஒழிஞ்சு போச்சு, நாக்கு மாறல.

இங்க இருக்கிற மத்தவங்களும் எழுதுங்க. பெரிய ரெஸ்டாரன்ட், ஸ்டார் எல்லாம் வேண்டாம். தினமும் என்ன சாப்பிடுறீங்க, அதுல எது உங்களைப் பிடிச்சு வச்சுச்சு?


துலூஸ்_அரவிந்த்
சனிக்கிழமை, மாலை 5:40

அக்கா, படிக்க ஆசையா இருக்கு ஆனா என் நிலைமை வேற. நான் துலூஸ் வந்து நாலு மாசம்தான், சுத்த சைவம், முட்டை மட்டும் ஓகே. மாணவர்களுக்கான க்ரூஸ் கேன்டீன்ல கம்மி விலைக்கு சாப்பாடு கிடைக்குது, அதுல வெஜ் தட்டு இருந்தா அன்னிக்கு நல்ல நாள். வெளிய போனா கறி இல்லாம குடுங்கன்னு தெளிவா சொல்றேன், சாலட்ல சின்னச் சின்னதா பன்றிக்கறித் துண்டு தூவி வருது, கேட்டா அது லர்தோன்தானேங்கிறாங்க. போன வாரம் லேப் முடிஞ்சு மூணு மணிக்கு பசியோட நாலு கடை ஏறி இறங்கினேன், நாலுலயும் கிச்சன் மூடியாச்சு, ஏழு மணிக்கு வாங்கன்னுட்டாங்க. சீஸாவது சாப்பிடலாம்னு பாத்தா ஒரு சீனியர் அதுலயும் கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்குற பொருள் இருக்குன்னு சொல்லிட்டார். உண்மையா? அப்புறம் இங்க நல்ல தயிர் எப்படி பண்றீங்க? என் பால் உறையவே மாட்டேங்குது.


பாண்காரன்_93
சனிக்கிழமை, இரவு 9:05

தங்கச்சி கவிதா, நல்ல இழை தொடங்கியிருக்கிறீங்கள். நான் 92ல வந்தனான். முதல் வேலை பாரிஸ்ல ஒரு சின்ன ரெஸ்டோரன்ட்ல ப்ளோஞ், கோப்பை கழுவுறது. மொழி ஒண்டும் தெரியாது, "ஷோ" எண்டா சூடு, அது மட்டும் விளங்கும்.

அந்தக் கடையில நான் படிச்ச முதல் பாடம் காலமை பதினொரு மணிச் சாப்பாடு. சனம் வரமுன்னம் வேலை செய்யிற எல்லாரும் ஒரு மேசையில இருந்து சாப்பிடுவினம். ஷெஃப் இருப்பார், கஷியர் இருப்பா, கோப்பை கழுவுற நானும் அதே மேசையில. முதல் நாள் நான் தட்டைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போக வெளிக்கிட்டன், ஷெஃப் கதிரையை இழுத்துக் காட்டினார், இரு எண்டு. நடுவில பாண் கூடை, பாண் எண்டா ரொட்டி, ஆளாளுக்குக் கிள்ளி எடுத்து தட்டில இருக்கிற குழம்பைத் துடைச்சுச் சாப்பிடுறது, எங்கட வீட்டில இடியப்பத்தால சொதியைத் துடைக்கிற மாதிரி. வாய்க்கு அப்ப ருசி தெரியேல்ல, மனசுக்குத் தெரிஞ்சது. 30 வருசத்துக்கு மேல போட்டுது, அந்தக் கதிரையை நான் மறக்கேல்ல.

பாணைப் பற்றிக் கதைச்சே ஆகவேணும். நாங்கள் பாண் எண்டு சொல்லுறது போர்த்துக்கீசன் விட்டிட்டுப் போன சொல், இவங்கட பேன் எண்டதும் அதே லத்தீன் வேர். வந்த புதுசில கடையில எனக்கு விளங்கின ஒரே சொல்லும் அதுதான். கடைக்குப் போனா அந்த நீளப் பாணை சும்மா பகெத் எண்டு கேளாதேங்கோ, "ட்ரடிசியோன்" எண்டு கேளுங்கோ. 1993ல அதுக்கெண்டே ஒரு ஆணை போட்டவை: மா, தண்ணி, உப்பு, ஈஸ்ட் இல்லாட்டி புளிச்ச மா, வேற மருந்து மாயம் சேர்க்கக் கூடாது, எந்தக் கட்டத்திலயும் ஃப்ரீசரில வைக்கக் கூடாது. இருபது முப்பது சதம் கூடத்தான், ஆனா பின்னேரம் வரைக்கும் நல்லா இருக்கும். 98ல இன்னொரு சட்டம் வந்தது, அந்த இடத்திலயே மா பிசைஞ்சு அங்கேயே சுடாட்டி கடை வாசலில பூலாஞ்ஜெரி, அதாவது பாண் கடை, எண்டு போர்டு போடேலாது. போர்டில அந்தச் சொல் இருக்கோ எண்டு பாத்திட்டு உள்ள போங்கோ.

உள்ள போனா முதல்ல போன்ஜூர். அது சொல்லாம "ஒரு பகெத்" எண்டு தொடங்கினா முகம் மாறும். பிறகு எப்பிடி வேணும் எண்டு சொல்லலாம், "பியேன் க்வீத்" எண்டா நல்லா சுட்டது, "பா த்ரோ க்வீத்" எண்டா வெளிறினது. நான் நல்லா சுட்டதுதான். வீட்டுக்குப் போற வழியில நுனியைக் கடிச்சிடவேணும், அந்த நுனிக்கே கின்யோன் எண்டு ஒரு பேர் வச்சிருக்கிறாங்கள் எண்டா யோசிச்சுப் பாருங்கோ.

இன்னொண்டு. பாரிஸ் நகரசபை வருசா வருசம் நல்ல ட்ரடிசியோனுக்குப் போட்டி வைக்கும், வெல்லுறவருக்கு 4000 யூரோவும், ஒரு வருசம் ஜனாதிபதி இருக்கிற எலிசே மாளிகைக்குப் பாண் குடுக்கிற உரிமையும். 2023ல வெண்டது தர்ஷன் செல்வராஜா, எங்கட பிள்ளை, இலங்கையில பிறந்தவர், 20ம் வட்டாரத்தில கடை. அந்தச் செய்தி வந்த அண்டைக்கு நான் மெத்ரோவில நிண்டு கொண்டே வாசிச்சு அழுதிட்டன். எத்தினை பேர் இரவு ரெண்டு மணிக்கு எழும்பி அந்த அடுப்பு வெக்கையில நிண்டிருப்பம். ஜனாதிபதி வீட்டு மேசையில எங்கட கைப் பாண்.


ரென்_கவிதா
சனிக்கிழமை, இரவு 10:30

அண்ணா, அந்தக் கதிரை வரியை என் வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார்.

அரவிந்த், உன் சீனியர் சொன்னது சரிதான். அதுக்குப் பேரு ப்ரெசூர். பேர் போன பழைய சீஸ்ல பெரும்பாலும் மிருக ப்ரெசூர்தான், கோந்தே, ரொக்ஃபோர் எல்லாமே. ஆனா லேபிள்ல "கொஆகுலான் வெஜெத்தால்" இல்ல "மிக்ரோபியேன்"னு போட்ட சீஸும் இருக்கு, சீஸ் கடையில நேரா கேளு, ப்ரெசூர் அனிமால் இல்லாம எது இருக்குன்னு. ஒதுக்கித் தள்ள மாட்டாங்க, அவங்களுக்கு அது தொழில் சம்பந்தமான கேள்வி, சந்தோஷமா பதில் சொல்வாங்க. யாவுர்த் பயமில்லாம சாப்பிடலாம், யாவுர்த்னு பேர் போடணும்னா ரெண்டே ரெண்டு பாக்டீரியாவால உறைஞ்சதா இருக்கணும்னு இங்க விதி. மூஸ், க்ரீம் மாதிரி இனிப்புல ஜெலத்தீன் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோ.

கடையில கறி இல்லாமன்னு சொன்னா பத்தாது. "நி வியாந்த், நி புவாசோன், நி லர்தோன்", கறியும் வேண்டாம், மீனும் வேண்டாம், லர்தோனும் வேண்டாம், அப்படின்னு மூணையும் சொல்லணும். இவங்க வாய்ல வியாந்த்னா தட்டு நடுவுல இருக்கிற பெரிய துண்டுதான், லர்தோன் நம்ம தாளிக்கிற கறிவேப்பிலை மாதிரி கணக்குலயே வராது.

தயிர். நீ கண்டிப்பா நீல மூடி பால் வாங்குற. இங்க மூடி நிறத்துல அர்த்தம் இருக்கு, சிவப்புன்னா முழுப் பால், நீலம் பாதி கொழுப்பு எடுத்தது, பச்சை மொத்தமும் எடுத்தது. அலமாரியில வெளிய நிக்கிற டப்பா பால் மாசக்கணக்கா கெடாம இருக்கிறதுக்காக ரொம்ப சூடு பண்ணினது. அதை விட்டுட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கிற "லே ஃப்ரே ஆந்தியே", அதாவது ஃப்ரெஷ் முழுப் பால், வாங்கு, காய்ச்சி, விரல் பொறுக்குற சூட்டுல ஒரு ஸ்பூன் சாதா யாவுர்த் விட்டு, ஓவனை லேசா சூடு காட்டி அணைச்சுட்டு அதுக்குள்ள ராத்திரி வச்சிடு. கத்தியால வெட்டுற மாதிரி வரும்.

மூணு மணி விஷயத்துல மட்டும் நீதான் மாறணும்ப்பா. இங்க பன்னெண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் சாப்பாட்டு நேரம், அதுக்குள்ள உக்காரணும். நான் ஒரு வருஷம் எதிர்த்துப் பாத்தேன். அவங்க நேரத்துக்கு உக்காந்தப்புறம்தான் பசியே ஒழுங்கா எடுக்க ஆரம்பிச்சுது.


லியோன்_சுந்தர்
ஞாயிறு, காலை 11:20

எல்லாரும் நல்லா எழுதுறீங்க, ஆனா நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதீங்க. சந்தை, சீஸ் கடை, பழத்தை மோந்து பாத்துக் குடுக்கிற பெரியவர் இதெல்லாம் சனிக்கிழமை காலைல ஃப்ரீயா இருக்கிறவங்களுக்கு. நான் ஃபேக்டரில ஷிஃப்ட், என் சனிக்கிழமை பாதி நாள் தூக்கத்துல போயிடும். என்கூட வேலை பாக்குற பிரெஞ்சுக்காரங்க எல்லாம் கார் எடுத்துட்டு ஹைப்பர் மார்க்கெட் போறவங்கதான், பிக்கார்ல ஃப்ரோசன் வாங்குறவங்கதான், குழந்தைகளுக்கு பாஸ்தாவும் ஹேமும் போடுறவங்கதான். அவங்க சாப்பிடுறதும் பிரெஞ்சு சாப்பாடுதானே? நம்ம வெளியூர்க்காரங்க சந்தையை மட்டும் படம் எடுத்துப் போட்டு இதான் பிரான்ஸ்னா, அதை வாங்க முடியாதவன் மனசு என்ன ஆகும்?

ஆனா ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன், அதுக்குக் காசு தேவையில்ல. மதிய சாப்பாடு. நான் சென்னைல ஐடி கம்பெனில நாலு வருஷம் கீபோர்டு மேலயே டப்பா திறந்து சாப்பிட்டவன். இங்க தொழிலாளர் சட்டத்துலயே வேலை செய்யுற இடத்துல ஆளுங்களை சாப்பிட விடக்கூடாதுன்னு இருக்கு, கோவிட் நேரத்துல தற்காலிகமா தளர்த்தினாங்களே அப்பதான் பல பேருக்கு இப்படி ஒரு விதி இருக்கிறதே தெரிஞ்சுது. பன்னெண்டு அடிச்சா மெஷினை நிறுத்திட்டு எட்டுப் பேர் ஒரு மேசைக்குப் போறோம். நான் டப்பால புளிசாதம், ஒருத்தன் நேத்து பொரியல் மாதிரி எதையோ, ஒருத்தன் சும்மா ரொட்டியும் சீஸும். ஆனா எல்லாரும் உக்காந்தாத்தான் ஆரம்பிப்பாங்க, "போன் அப்பேத்தி" சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க, முக்கால் மணி நேரமும் பேச்சு சாப்பாட்டைப் பத்தியேதான். சாப்பிட்டுகிட்டே ஞாயித்துக்கிழமை என்ன சாப்பிட்டோம், அடுத்த ஞாயிறு என்ன சாப்பிடப் போறோம்னு பேசுறாங்க! 2010ல யுனெஸ்கோ பிரெஞ்சுக்காரங்க விருந்துச் சாப்பாட்டை பட்டியல்ல சேத்தது ஞாபகம் இருக்கும், அது முன்தட்டு, பெரிய தட்டு, சீஸ், இனிப்புன்னு வரிசையா போற விருந்துக்குக் குடுத்தது. என் எட்டுப் பேர் மேசைக்கும் ஏதாவது குடுக்கணும்னு எனக்குத் தோணும்.

கடுகு கதை ஒண்ணு. 2022ல கடைல கடுகு பேஸ்ட் அலமாரி காலி, ஆளுக்கு ஒரு பாட்டில்னு எழுதி ஒட்டிட்டாங்க. எங்க மேசைல அன்னிக்கு சண்டை மாதிரி பேச்சு. காரணம் என்னன்னா திஜோன் கடுகுன்னு பேர் இருந்தாலும் அப்ப விதை பெரும்பாலும் கனடாலேர்ந்து வந்துச்சு, 2021ல அங்க வறட்சி. எங்க மேசைல ஒருத்தன் கடுகு இல்லாம சாலட்ல ஊத்துற வினெக்ரெத் எப்படிடா பண்றதுன்னு நிஜமாவே வருத்தமா உக்காந்திருந்தான். நான் மறுநாள் வீட்டுலேர்ந்து தாளிக்கிற கடுகு ஒரு பை கொண்டு போய், ஊற வச்சு வினிகர் உப்பு சேத்து அரைக்கச் சொன்னேன். அதே செடிதான், நம்ம எண்ணெய்ல வெடிக்க விடுறோம், அவங்க அரைச்சுடுறாங்க. அன்னிக்கிலேர்ந்து மேசைல என் டப்பாவை எட்டிப் பாக்காத ஆள் இல்ல.


கிரனோபிள்_நித்யா
ஞாயிறு, மதியம் 3:10

சுந்தர் சொல்றதுல நியாயம் இருக்கு, என்னாலயும் வாரா வாரம் சந்தைக்குப் போக முடியாது. எனக்கு இந்த ஊர் சாப்பாட்டைக் கத்துக் குடுத்தது என் பொண்ணுதான், அவளுக்குக் கத்துக் குடுத்தது ஸ்கூல் கேன்டீன்.

மூணு வயசுல மத்தெர்நெல்ல, நம்ம நர்சரி ஸ்கூல் மாதிரி, சேத்தப்ப முதல் வாரம் நான் வாசல்ல ஒட்டியிருந்த மெனுவைப் பாத்து பயந்தே போயிட்டேன். துருவின கேரட், மீன், கீரை, ஒரு துண்டு சீஸ், பேரிக்காய். வீட்டுல தயிர்சாதத்துக்கே ஒரு மணி நேரம் ஓடுற குழந்தை இதை எங்க சாப்பிடப் போகுதுன்னு. நாலு தட்டு, வரிசையா, உக்காந்து, தண்ணியோட. பிடிக்கலைன்னா விட்டுடலாம், ஆனா ஒரு வாய் ருசி பாக்கணும், அவ்ளோதான் கட்டாயம். ஒரு மாசம் கழிச்சு வீட்டுல கேக்குறா, அம்மா சீஸ் எங்க, சாப்பாடு இன்னும் முடியலயேன்னு.

சைவக் குடும்பங்களுக்கு ஒரு தகவல், 2018 சட்டத்தால 2019 நவம்பர்லேர்ந்து ஸ்கூல் கேன்டீன்ல வாரத்துல ஒரு நாள் கறி மீன் இல்லாத சாப்பாடு கட்டாயமாச்சு, 2021ல அதை நிரந்தரம் ஆக்கிட்டாங்க. பணம் பெரும்பாலான ஊர்ல வருமானத்தைப் பொறுத்து மாறும். எங்க முதல் ஸ்கூல்ல பாதி நாள் கீரையும் உருளையும் அடையாளமே தெரியாத அளவுக்கு வெந்து வரும், அம்மாக்கள் சேந்து கடிதம் எழுதினோம், ரெண்டு வருஷம் கழிச்சு கொஞ்சம் மாறுச்சு. எல்லாம் பிரமாதம்னு சொல்ல மாட்டேன். இருந்தாலும் அந்த வரிசையும் நேரமும் அவ உடம்புல ஏறிடுச்சு.

நாலரை மணிக்கு கூத்தே. ஸ்கூல் விட்டு வெளிய வந்ததும் பூங்கா பெஞ்ச்ல ஒரு துண்டு பகெத் நடுவுல கறுப்பு சாக்லேட் பட்டையை அப்படியே செருகிக் குடுக்குறது. பொட்டலம் பிரிக்கிற ஸ்நாக் இல்ல, ரொட்டியும் சாக்லேட்டும்தான். பெரியவங்களும் ஒரு கடி வாங்கிக்கிறாங்க. ஆனா அதுக்கப்புறம் ராத்திரி சாப்பாடு வரைக்கும் ஒண்ணும் கிடையாது, என் மாமியார் ஊர்லேர்ந்து வந்தப்ப பாவம் குழந்தை பசிக்குதுன்னு அஞ்சரைக்கு முறுக்கு எடுத்தாங்க, குழந்தையே "பாட்டி, கூத்தே முடிஞ்சிடுச்சு"ன்னு சொல்லிட்டா.

ஜனவரில கலெத் தே ருவா. பாதாம் க்ரீம் வச்ச வட்ட அப்பம், உள்ள ஃபேவ்னு ஒரு குட்டி பீங்கான் பொம்மை ஒளிஞ்சிருக்கும். வீட்டுல சின்னது மேசைக்கடியில போய் உக்காந்துக்கும், மேல ஒருத்தர் துண்டு வெட்டி இது யாருக்குன்னு கேக்க, கீழேர்ந்து பேர் வரும். பொம்மை கிடைச்சவங்களுக்கு கிரீடம். போன ஜனவரி மேசைக்கடிலேர்ந்து என் பொண்ணு முதல் பேரா கூப்பிட்டது ஊர்ல இருக்கிற எங்க அப்பாவை. வீடியோ கால்ல அவர் இருந்தார். அவர் துண்டை ஒரு தட்டுல போன் முன்னாடி வச்சோம்.


புதுவை_மேரி
ஞாயிறு, இரவு 8:50

எல்லாரும் எழுதினத வரி விடாம படிச்சேன் பிள்ளைங்களா. எனக்கு 68 வயசு, பாண்டிச்சேரி, எங்க தாத்தா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்துல சிப்பாய், நான் பாரிஸ் பக்கத்துல சர்செல் வந்து 40 வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க வீட்டுல ஊர்லயே ஞாயித்துக்கிழமைன்னா ராகூங்கிற பிரெஞ்சு கறிக்குழம்பு, ரொட்டி, கடைசியில காய்ச்சின கறி ரசம் இப்படித்தான் கலந்து இருக்கும், அதனால உங்க அளவுக்கு எனக்கு அதிர்ச்சி இல்ல.

ஆனா இங்க வந்து ஒண்ணு கத்துகிட்டேன், சூப். மேல் மாடியில ஒரு பிரெஞ்சு அம்மா இருந்தாங்க, வடக்குப் பக்கம் கிராமத்துல பொறந்தவங்க. குளிர் காலம் பூரா தினம் ராத்திரி சூப்தான். லீக், கேரட், உருளை, மிச்சம் மீதி எல்லாம் வேக வச்சு அரைச்சு, ஒரு கரண்டி க்ரீம். கூட ரொட்டி, ஒரு துண்டு சீஸ், முடிஞ்சுது ராச்சாப்பாடு. விருந்து நாட்டு ஜனங்கன்னு நினைச்சிருந்தேன், ராத்திரியில இவ்ளோ எளிமையா சாப்பிடுறாங்களேன்னு இருந்துச்சு. ஒரு நாள் மார்க்கெட்ல தொப்பினாம்பூர் பாத்தேன், இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமா ஒரு கிழங்கு, ஆசையா வாங்கி அவங்களுக்கும் கொண்டு போனேன். கதவுலயே நிறுத்திட்டாங்க. யுத்த காலத்துல ஜெர்மன்காரன் உருளைக்கிழங்கை எல்லாம் எடுத்துட்டுப் போயிட, இதையும் ருதபாகாங்கிற கிழங்கையும் தின்னு நாலு வருஷம் உயிர் பிழைச்சோம், இனி என் வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னாங்க. கையைப் பிடிச்சுகிட்டுத்தான் சொன்னாங்க. இப்ப பெரிய ரெஸ்டாரன்ட்ல அதே கிழங்கு கொண்டாட்டமா வருது. அவங்க இல்ல. நானும் இன்னிக்கு வரைக்கும் வாங்குறதில்ல.

அப்புறம் வடவம். நம்ம ஊர்ல சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், சீரகம் இடிச்சு உருட்டி வெயில்ல காயப் போடுவோமே, அதுதான் இங்க சமையல்காரங்க வாய்ல வாதுவான். வாதுவான்னு எழுதி சின்ன பாட்டில்ல விக்கிறாங்க, விலையைப் பாத்தா நெஞ்சு அடைக்கும். நான் சூப்ல கடைசியா ஒரு ஸ்பூன் நெய்ல வடவம் பொரிச்சு ஊத்துவேன். மேல் மாடி அம்மா இருந்தப்ப அந்த வாசனைக்கு படி இறங்கி வருவாங்க, கையில அவங்க கிண்ணத்தோட.

அரவிந்த் தம்பி, நீ உன் ஊர் சந்தைக்கு ஒரு தடவை போ. வாங்கலைன்னாலும் பரவால்ல. இது திராட்சை காலம்.


பாண்காரன்_93
ஞாயிறு, இரவு 9:30

மேரி அக்கா, அந்தக் கிழங்கு மாதிரித்தான் எனக்கு மரவள்ளியும். சண்டை நேரம் மூண்டு மாசம் அதுதான். கடையில காணேக்க இப்பவும் கை போகாது. உங்கட மேல்மாடி அம்மாவை எனக்கு நல்லா விளங்குது.


துலூஸ்_அரவிந்த்
அடுத்த ஞாயிறு, மதியம் 1:00

போயிட்டு வந்துட்டேன்!! சேந்-ஓபேன் சர்ச்சை சுத்தி ஞாயிறு காலைல நடக்குற சந்தை. மேரி ஆயா சொன்ன மாதிரி திராட்சை, முவாசாக் ஷாஸ்லா, இங்கேர்ந்து பக்கம்தான், சின்னதா தேன் நிறத்துல உள்ள வெளிச்சம் தெரியுது. பாண்கார அண்ணன் சொன்னபடி முதல்ல போன்ஜூர் சொன்னேன். அரைக் கிலோ கேட்டேன். அந்தம்மா என்ன கேட்டாங்க தெரியுமா, இன்னிக்கேவா, இல்ல ரெண்டு மூணு நாள் வச்சு சாப்பிடுவியான்னு. நான் இன்னிக்கேன்னேன். பச்சையா இருக்கிறதைத் தள்ளிட்டு மஞ்சளா பழுத்த கொத்தா எடுத்துக் குடுத்தாங்க. எந்த ஊர்னு கேட்டாங்க, சொன்னேன், அங்க திராட்சை வருமான்னு கேட்டாங்க, எங்க ஊரே கம்பம் பள்ளத்தாக்குதான், வீட்டுக்குப் பின்னாடியே பன்னீர் திராட்சை பந்தல்னு சொன்னேன். பந்தல் எவ்ளோ உயரம், வருஷத்துக்கு எத்தனை அறுவடைன்னு ஆரம்பிச்சவங்க நிறுத்தவே இல்ல. ரெண்டு மூணு தடவை வெட்டுவோம்னதும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இந்தப் பையன் சொல்றதைக் கேளுங்கன்னாங்க. நாலு மாசத்துல இவ்ளோ நேரம் பிரெஞ்சு பேசினது இன்னிக்குத்தான், அதுவும் எனக்குத் தெரிஞ்ச விஷயத்தை.

தயிரும் உறைஞ்சிடுச்சுக்கா. சிவப்பு மூடிதான்.

சுந்தர் அண்ணா, திராட்சையும் ரெண்டு தக்காளியும் ஒரு ட்ரடிசியோனும் சேத்து ஆறு யூரோவுக்குள்ளதான் ஆச்சு, ஆனா நீங்க சொன்ன நேரம்தான் பிரச்சனைன்னு புரியுது.

கவிதா அக்கா, அந்த கலெத் மாவு அளவு சொல்லுங்களேன். இங்க சாராசின் மாவு ஆர்கானிக் கடையில பாத்தேன். என்கிட்ட தோசைக்கல் இருக்கு.


லியோன்_சுந்தர்
அடுத்த ஞாயிறு, மதியம் 2:25

நல்லா இருக்குடா தம்பி. அடுத்த மாசம் எனக்கு ஷிஃப்ட் மாறுது, ஞாயிறு காலை கிடைக்கும். க்ருவா ரூஸ் சந்தைக்குப் போய் பாக்குறேன்.


ரென்_கவிதா
அடுத்த ஞாயிறு, மாலை 6:00

அரவிந்த், கம்பம்னு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா!

எழுதிக்கோ. சாராசின் மாவு 330 கிராம், கல்லுப்பு 10 கிராம், தண்ணி 750 மில்லி, முட்டை ஒண்ணு. தண்ணியை மொத்தமா கொட்டாத, முதல்ல கொஞ்சம் விட்டு கையால நல்லா அடி, கெட்டியா இருக்கும், கை வலிக்கும், அடிச்சுட்டே இரு, அப்புறம் மிச்சத் தண்ணி. முட்டை நிறத்துக்குத்தான், இல்லாட்டியும் வரும். ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வை. காலைல மேல தண்ணி பிரிஞ்சு நிக்கும், கலக்கிடு. கல்லு நம்ம தோசைக்கு விட இன்னும் சூடா இருக்கணும், மாவு விழுந்த உடனே ஓட்டை ஓட்டையா விழணும், விழலைன்னா கல்லு காயல. கரண்டியாலேயே வட்டமா இழு, உனக்குத்தான் கை பழகியிருக்குமே. ஓரம் தூக்க ஆரம்பிச்சதும் உப்பு வெண்ணெய், முட்டையை நேரா மேல உடைச்சு ஊத்தி வெள்ளையை மட்டும் பரப்பு, நாலு பக்கமும் மடி, மஞ்சக்கரு நடுவுல தெரியணும்.

துலூஸ்ல லே ரிபோ கிடைக்கலைன்னா உன் தயிரைக் கடைஞ்சுக்கோ.